சர்வேயர் காலியாக விட்ட கட்டம்

"இனிமேல் எவன்கிட்டயும் நான் ஏமாறக் கூடாது. அதுக்கு என்ன படிக்கோணுமோ சொல்லிக் குடு அம்மணி."

மாவு மில்லின் வாசலில் நின்று இப்படிக் கேட்டவர் அத்தியப்பன். வயது அறுபத்தொன்று. முப்பத்து மூன்று வருடம் ஊர் ஊராகப் போய் நிலம் அளந்து ஓய்வு பெற்ற சர்வேயர்.

கேட்கப்பட்டவள் லோகாம்பாள். மில்லின் சொந்தக்காரி. வயது நாற்பத்திரண்டு.

அரைக்க ஒரு படி கம்பு கூடக் கொண்டுவராமல் மில்லுக்கு வருகிற மனிதரை அவள் அதுவரை பார்த்ததில்லை. இது கம்பு அரைக்கிற இடம், பள்ளிக்கூடம் இல்லை என்று சொல்லிப் பார்த்தாள். அத்தியப்பன் குடையை ஆணியில் மாட்டிவிட்டு, தவிட்டு மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டார். எழுந்து போகிற உத்தேசத்தில் அவர் வரவில்லை.

இந்த ஊரில் இத்தனை பேர் இருக்க அவர் ஏன் லோகாம்பாளிடம் வந்தார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். இருபது வயதிலிருந்து பன்னிரண்டு வருடம் அவள் ஒரு மேஜிக் கம்பெனியில் இருந்தவள். பெட்டிக்குள் படுக்க வைத்து ரம்பத்தால் அறுப்பார்களே, அந்தப் பெண். ஜிகினா உடை போட்டுக்கொண்டு, சிரித்தபடி மேடையின் குறுக்கே நடக்கிறவளும் அவள்தான். அவள் நடந்தால் கொட்டகை முழுக்க அவளையே பார்க்கும். மேஜிக்காரர் அந்த நேரத்தில் தன் வேலையை முடித்துக்கொள்வார்.

ஆக, மனிதர்களின் கண் எங்கே போகும், எப்போது போகும் என்பது அவளுக்கு அத்துப்படி.

"என்ன நடந்துச்சுங்க?" என்றாள்.

அத்தியப்பன் சொன்னார்.

அவருடைய ஒரே மகன் பூபதி. போர்வெல் லாரியில் வேலை. நான்கு மாதமாகச் சாப்பிட்டது வயிற்றில் தங்குவதில்லை. சட்டையெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது. இத்தனைக்கும் மனைவி போன பிறகு மகனைப் பார்த்துப் பார்த்து வளர்த்தவர் அவர். இன்றைக்கும் வாரா வாரம் இடுப்பு வலி மாத்திரை வாங்கி வந்து, விடிகாலையில் எழுப்பிக் கையில் கொடுத்து, தண்ணீர் டம்ளரை நீட்டுவது வரைக்கும் அவரேதான் செய்கிறார். அப்படிப்பட்ட மகன் கண்ணெதிரே உருகிக்கொண்டிருக்கிறான்.

மருமகள் சுகந்தி சோற்றில் மருந்து வைத்துவிட்டாள் என்று அத்தியப்பனின் அக்கா பாவாயி சொல்கிறாள். புருஷனைக் கைக்குள் போட்டுக்கொள்ளப் பெண்டாட்டி சோற்றில் எதையாவது கலந்துவிடுவாள், அது குடலில் ஒட்டிக்கொண்டு ஆளை அரிக்கும் என்பது எங்கள் பக்கத்தில் பலர் நம்புகிற விஷயம். அதை உறிஞ்சி எடுக்கவும் ஆட்கள் இருக்கிறார்கள். மூன்று ஊர் தள்ளி இருக்கும் பொன்னாண்டி அப்படி ஒருவர். பூபதியை அவரிடம் இரண்டு முறை கூட்டிப் போனார்கள். தொப்புளில் பித்தளைக் குழாயை வைத்து உறிஞ்சினார். வாயிலிருந்து கன்னங்கரேல் என்று ஒரு உருண்டையைத் தட்டில் துப்பினார். அதில் தலைமுடி சுற்றியிருந்தது.

"என் ரெண்டு கண்ணால பாத்தேன் அம்மணி."

சுகந்தி அழவில்லை, சண்டையும் போடவில்லை. உருண்டை வந்த அன்றைக்கே துணிகளை எடுத்துக்கொண்டு தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் உட்கார்ந்து, பிரித்துவிடுவது என்று ஏற்பாடு.

"அப்புறம் எதுக்குங்க எங்கிட்ட வந்தீங்க? அதான் கண்ணால பாத்துட்டீங்களே."

மூன்று வருடமாகச் சுகந்தி கையால் சாப்பிட்டிருக்கிறேன், அந்தப் பிள்ளை அப்படிச் செய்யக்கூடியவள் என்று மனசு ஒப்பவில்லை என்றார் அத்தியப்பன். ஆனால் கண் பார்த்ததை மனசு எப்படி இல்லை என்று சொல்லும்? இரண்டில் எது பொய் என்று தெரியாமல் தூக்கமே போய்விட்டது என்றார்.

லோகாம்பாள் எழுந்து போனாள். மூன்று கொட்டாங்குச்சிகளும் ஒரு புளியங்கொட்டையும் கொண்டுவந்தாள்.

*

முதல் நாள் கொட்டை எந்தக் கொட்டாங்குச்சிக்குக் கீழே இருக்கிறது என்று அத்தியப்பன் பதினாறு தடவை சொன்னார். பதினாறும் தப்பு.

இரண்டாம் நாளும் தப்பு. கோபத்தில் ஒரு கொட்டாங்குச்சியை உடைத்துவிட்டார். லோகாம்பாள் வேறொன்றை எடுத்து வைத்தாள்.

மூன்றாம் நாள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, அவள் கைகளை விட்டுக் கண்ணை எடுக்காமல் உட்கார்ந்தார். சர்வேயர்கள் பிடிவாதக்காரர்கள். ஒரு எல்லைக் கல்லைத் தேடி ஒரு நாள் முழுக்க முள்ளுக்குள் நடக்கிறவர்கள். மத்தியானம் கரண்ட் போய் மில் நின்றிருந்த நேரத்தில் சட்டென்று அவள் வலது கையைப் பிடித்தார்.

கொட்டை சுண்டு விரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில் இருந்தது. எந்தக் கொட்டாங்குச்சிக்குக் கீழும் எதுவும் இல்லை.

"புடிச்சனா?" என்றார். லாட்டரி விழுந்தவர் மாதிரி சிரித்தார்.

"புடிச்சுட்டீங்க," என்றாள் லோகாம்பாள். "உங்க குடை எங்கீங்க?"

சிரிப்பு நின்றது.

குடை காணோம் என்று அவரும் மூன்று நாளாகத் தேடிக்கொண்டுதான் இருந்தார். டீக்கடை ரங்கண்ணன் எடுத்து வைத்துக்கொண்டான், கேட்டால் இல்லை என்று சாதிக்கிறான், முந்தாநாள் அவனிடம் இது விஷயமாக வாய்த்தகராறே ஆகிவிட்டது என்றார். அவன் முழியே சரியில்லை என்றும் சேர்த்துக்கொண்டார்.

லோகாம்பாள் அவர் தலைக்கு மேலே கையைக் காட்டினாள்.

குடை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஒளிச்சு வெச்சுட்டு இப்பக் கொண்டுவந்து மாட்டியிருக்கிற."

"நான் தொடவே இல்லீங்க. மொத நாள் வந்ததும் நீங்களேதான் மாட்டுனீங்க. மூணு நாளா அதுக்கு அடியிலதான் உக்காந்திருக்கறீங்க."

அத்தியப்பன் குடையைப் பார்த்தார். கொட்டாங்குச்சிகளைப் பார்த்தார். காது சிவந்துவிட்டது.

"அப்போ இந்தக் கொட்டை, மூணு நாளு, இதெல்லாம்?"

"அதுவும் வேணுங்க. எல்லாரும் ஒரே பக்கம் பாக்கற நேரத்துல நீங்க மட்டும் கொஞ்சம் வேற பக்கம் பாருங்க. நான் மேடையில நடக்கறப்ப யாராவது ஒருத்தன் என்னைப் பாக்காம இருந்துட்டா எங்க மொதலாளிக்குக் கை நடுங்கும்."

அன்று சாயங்காலம் அத்தியப்பன் டீக்கடை இருக்கும் தெரு வழியாகப் போகாமல், சுற்றிக்கொண்டு வேறு தெருவில் வீட்டுக்குப் போனார். கக்கத்தில் குடை இருந்தது.

*

வெள்ளிக்கிழமை பொன்னாண்டியிடம் மூன்றாவது முறை.

கொட்டகையில் ஐம்பது பேருக்குக் குறையாது. பூபதியைப் பாயில் படுக்க வைத்தார்கள். விலா எலும்பை எண்ணலாம் போல இருந்தான். பாவாயி அவன் தலைமாட்டில் உட்கார்ந்து சாமியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். பொன்னாண்டி கண்ணை மூடிக்கொண்டு குழாயைத் தொப்புளில் வைத்தார். ஐம்பது தலைகளும் அந்தத் தொப்புளை நோக்கிக் குனிந்தன.

அத்தியப்பன் குனியவில்லை. மகனின் வயிற்றைப் பார்க்காமல் இருக்க அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் ஓட விட்டார். குழாயைப் பிடித்திருந்த பொன்னாண்டியின் கை ஆடவே இல்லை. மற்றொரு கை தோளில் கிடந்த துண்டின் நுனியை எடுத்து வாயைத் துடைத்தது.

அவ்வளவுதான். சாதாரணமாகத் துடைத்தார். பிறகு குனிந்து உறிஞ்சினார். பிறகு துப்பினார். கறுப்பு உருண்டை. அதில் தலைமுடி. கூட்டம் "ஐயோ" என்றது.

அத்தியப்பனுக்குப் பிடிபட்டது. எவனாக இருந்தாலும் உறிஞ்சித் துப்பிய பிறகுதான் வாயைத் துடைப்பான். இந்த ஆள் உறிஞ்சுவதற்கு முன்னாலேயே துடைக்கிறான்.

எழுந்து போய்த் துண்டைப் பிடித்து இழுத்தார். நுனியில் ஒரு தளர்வான முடிச்சு. அவிழ்த்தார். அதே மாதிரி இன்னும் மூன்று உருண்டைகள், தலைமுடியோடு தயாராக இருந்தன.

பொன்னாண்டி லேசுப்பட்ட ஆள் இல்லை. அது காலையில் வந்தவர்கள் வயிற்றிலிருந்து எடுத்தது, ஆற்றில் விடுவதற்காக முடிந்து வைத்திருக்கிறேன் என்று கண் இமைக்காமல் சொன்னார். கூட்டத்தில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். மீதிப் பேர் மெதுவாகச் செருப்பைத் தேடினார்கள்.

அத்தியப்பனுக்கு அவர்களைப் பற்றிக் கவலையில்லை. மகனை எழுப்பிக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தார். முப்பத்து மூன்று வருட உத்தியோகத்தில் கூட அவருக்கு அப்படி ஒரு நிமிர்ந்த நடை வாய்த்ததில்லை.

*

மறுநாள் காலை மில் திறக்கும் முன்பே வந்து நின்றார். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். துண்டைப் பிடித்து இழுத்த இடத்தை இரண்டு முறை சொன்னார்.

லோகாம்பாள் முழுவதும் கேட்டாள். அவளுக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

"அப்ப சுகந்தியைக் கூட்டிட்டு வந்துட்டீங்களா?"

"அது எப்படி அம்மணி?" என்றார் அத்தியப்பன். "இவன் ஃபிராடுங்கறது சரி. ஆனா மருந்து வெக்கலைன்னு அதுக்கு அர்த்தம் இல்லையே? பையனுக்கு நேத்தும் வாந்தி. அக்காவுக்கு பவானிப் பக்கம் ஒருத்தரைத் தெரியுமாம். அவரு சுத்தமான ஆளாம். குழாயே வெக்க மாட்டாராம், வெறுங்கையிலயே எடுப்பாராம்."

லோகாம்பாள் சல்லடையை எடுத்து, சலித்த மாவையே இன்னொரு முறை சலித்தாள். கோபம் அடங்கியதும் கேட்டாள்.

"அந்தப் புள்ளை போயி எத்தனை நாளாச்சுங்க?"

"நாப்பது நாளு."

"இப்ப யாரு சோறாக்கறது?"

"அக்காதான்."

"வாந்தி நின்னுச்சுங்களா?"

"இல்லை. அது உள்ள ஒட்டுன பழைய மருந்து. கரையறதுக்கு மாசக்கணக்கா ஆகும்."

"அதை யாருங்க சொன்னது?"

சொன்னவர் பொன்னாண்டி. முதல் நாளே சொன்னார். அந்த ஆளின் துண்டு, குழாய், உருண்டை எல்லாவற்றையும் பொய் என்று தூக்கி எறிந்தாயிற்று. இந்த ஒரு வார்த்தை மட்டும் எப்படி வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது என்று தெரியவில்லை.

"இருந்தாலும்..." என்று இழுத்தார்.

"நாங்க பெட்டியில அறுக்கறப்ப ஒரு வேலை செய்வோமுங்க," என்றாள் லோகாம்பாள். "ரம்பம் நெசமான்னு ஒருத்தரைக் கூப்பிட்டுத் தொட்டுப் பாக்கச் சொல்லுவோம். நெசம்தான்னு அவரு சத்தியம் பண்ணுவாரு. நெசமான ரம்பமுங்க அது. தந்திரம் ரம்பத்துல இருந்தாத்தானே கண்டுபிடிக்க? தந்திரம் இருக்கற பெட்டியைத் தொட்டுப் பாக்க யாரும் கேக்க மாட்டாங்க. ஏன்னா அது ரம்பத்துக்கு முன்னாடியே மேடைக்கு வந்திருக்கும்."



அவள் அதற்கு மேல் விளக்கம் சொல்லவில்லை. ஒரு வேலை மட்டும் கொடுத்தாள். திங்கட்கிழமை விடிந்ததிலிருந்து இருட்டும் வரை பூபதி பக்கத்திலேயே இருக்க வேண்டும். அவன் வாய்க்குள் போகிறது ஒவ்வொன்றையும் எழுத வேண்டும். எத்தனை மணிக்கு, என்ன, யார் கொடுத்தது. வாந்தி எடுத்தால் அதையும் எழுத வேண்டும். யார் மேலும் சந்தேகப்படாமல், யாரையும் விட்டுவிடாமல், ஒரு நிலத்தை அளப்பது போல அளந்து கொண்டுவர வேண்டும்.

இது தெரிந்த வேலை. அத்தியப்பன் தெம்பாக எழுந்தார். குடையை மறக்காமல் எடுத்துக்கொண்டார்.

*

செவ்வாய்க்கிழமை நில அளவுக் குறிப்பு எழுதும் பழைய ஃபீல்டு புக்கின் ஒரு தாளைக் கொண்டுவந்து கொடுத்தார். கோடு போட்டு, கட்டம் பிரித்து, அச்சடித்தது போன்ற கையெழுத்து. தப்பு கண்டுபிடிக்க முடியாது என்கிற முகத்தோடு எதிரில் உட்கார்ந்தார்.

லோகாம்பாள் சத்தமாகப் படித்தாள்.

"காலையில அஞ்சரை. மாத்திரை ரெண்டு, தண்ணி ஒரு டம்ளர். ஆறரை, டீ, பாவாயி. எட்டு மணி, இட்லி மூணு, பாவாயி. எட்டே காலு, வாந்தி. பத்து, மோர், பூபதி தானாக எடுத்துக் குடித்தது. பன்னண்டரை, ரசஞ்சோறு, பாவாயி. ஒண்ணே காலு, வாந்தி, வயித்து வலி. நாலு, டீ, பாவாயி. சாயங்காலம் ஆறு, மாத்திரை ரெண்டு, தண்ணி. ஏழரை, கஞ்சி, பாவாயி. எட்டு, வாந்தி."

தாளைக் கீழே வைக்கவில்லை. மறுபடியும் மேலிருந்து பார்த்தாள்.

"இங்க ஒரு கட்டம் காலியா இருக்குதுங்களே."

"எங்க?"

"அஞ்சரை மணிக்கு. கொடுத்தது யாருன்னு எழுதலை."

"அது நாந்தானே அம்மணி. அதை எதுக்கு எழுதறது?"

"ஆறு மணிக்கும் எழுதலீங்க."

"அதுவும் நாந்..."



நிலம் அளக்கிறவர் கிணற்றைப் போடுவார். பனைமரத்தைப் போடுவார். பக்கத்து வயல்காரன் தள்ளி நட்ட கல்லையும் விடாமல் போடுவார். தான் நின்று அளந்த இடத்தில் தன்னைப் போட மாட்டார். அது முப்பத்து மூன்று வருடப் பழக்கம். அதில் ஒரு தப்பும் இல்லை, நிலத்தை மட்டும் அளக்கிற வரைக்கும்.

"அந்த மாத்திரை எத்தனை மாசமாக் குடுக்கறீங்க?"

"அஞ்சு மாசம்," என்றார். "லாரி குலுக்கல்ல இடுப்பு போயிருச்சுன்னான். வெறும் வயித்துல போட்டாச் சீக்கிரம் கேக்கும்னு நாந்தான்..."

"வாந்தி எத்தனை மாசமா?"

நான்கு மாதம். அது இருவருக்கும் தெரிந்த கணக்கு.

"பாவாயக்காவும் கெட்டவங்க இல்லீங்க," என்றாள் லோகாம்பாள். "தம்பி பையன் மேல பாசம். பாசத்துல ஒரு பக்கம் கையைக் காட்டுனாங்க. நீங்களும் பாசத்துலதான் குடுத்தீங்க."

அத்தியப்பன் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். அப்படி ஒரு அழுகையை மில்லில் யாரும் கேட்டதில்லை. கேழ்வரகு அரைக்க வந்த ஒரு அம்மாள் வாசலிலேயே தயங்கி நின்றாள்.

லோகாம்பாள் அவர் பக்கத்தில் ஒரு செம்பு தண்ணீர் வைத்தாள். பிறகு போய் மெஷினைப் போட்டாள். அந்தச் சத்தத்தில் யார் அழுதாலும் வெளியே கேட்காது.

*

புதன்கிழமை பூபதியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். அங்கே இருந்த லேடி டாக்டர் பூபதியின் வயிற்றைப் பார்க்கும் முன்பே தினமும் என்ன மாத்திரை போடுகிறாய் என்று கேட்டார். அத்தியப்பன் அட்டையை எடுத்து மேஜை மேல் வைத்தார். இதை யார் உன்னை ஐந்து மாதம் போடச் சொன்னது என்று டாக்டர் பூபதியைத் திட்டினார். பூபதி தலையைக் குனிந்தான். "நாந்தானுங்க," என்று அத்தியப்பன் முன்னால் வந்து நின்று, மீதித் திட்டைத் தானே வாங்கிக்கொண்டார்.

வலி மாத்திரையால் வயிற்றில் புண் என்று சோதித்துச் சொன்னார்கள். அந்த மாத்திரையை அன்றைக்கே நிறுத்தி, புண் ஆற வேறு மருந்து எழுதிக் கொடுத்தார்கள். வெள்ளிக்கிழமை சாப்பிட்ட இட்லி இரண்டும் உள்ளே தங்கின. சனிக்கிழமை பூபதி மூன்றாவது இட்லி கேட்டான்.

அன்று சாயங்காலம் அத்தியப்பன் டீக்கடையில் நின்றார். ரங்கண்ணனிடம் குடையைக் காட்டி, என் வீட்டு ஆணியில்... என்று தொடங்கி, இல்லை, மில் ஆணியில் நானே மாட்டிவிட்டு உன் மேல் பழி போட்டேன் என்று நேராகச் சொன்னார். ரங்கண்ணன் ஒரு டீ போட்டு நீட்டினார். சர்க்கரை போடவில்லை. அந்தத் தண்டனையை அத்தியப்பன் முழுவதும் குடித்தார்.

*

ஞாயிற்றுக்கிழமை சுகந்தியின் அம்மா வீட்டில் ஜமக்காளம் விரித்திருந்தார்கள். இரண்டு பக்கத்திலும் சேர்ந்து பதினான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். பாவாயி வரவில்லை, தலைவலி என்று சொல்லி அனுப்பியிருந்தாள். பூபதி வந்தான். உள்ளே வரத் தைரியம் இல்லாமல் வாசல் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டான்.

அத்தியப்பன் ஜமக்காளத்தில் உட்காரவில்லை. சமையற்கட்டு நிலைப்படிக்குப் பக்கத்தில் வெறுந்தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"என்னுங்க சர்வேயரே, பேச்சை ஆரம்பிக்கலாமுங்களா?" என்று ஒரு பெரியவர் கேட்டார்.

"பேச ஒண்ணுமில்லீங்க. எனக்குப் பசிக்குது," என்றார் அத்தியப்பன். உள்ளே பார்த்துச் சொன்னார்: "கண்ணு, கொஞ்சம் சோறு போடு."



சுகந்தி நிலைப்படிக்கு வந்து நின்றாள். நாற்பத்தெட்டு நாளாகச் சேர்த்து வைத்திருந்த கேள்வி அவளிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

"பயமா இல்லீங்களா மாமா?"

அத்தியப்பன் சட்டைப் பையிலிருந்து அந்த ஃபீல்டு புக் தாளை எடுத்து நீட்டினார். சுகந்தி வாங்கிப் படித்தாள். கட்டங்களெல்லாம் நீல மையில் இருந்தன. ஐந்தரை மணிக்கு நேராகவும் ஆறு மணிக்கு நேராகவும் இரண்டு கட்டத்தில் மட்டும் சிவப்பு மை. இரண்டிலும் ஒரே சொல் எழுதியிருந்தது. அப்பன்.

"பதினாலு பேரும் கேக்கத்தான் சொல்றேன் கண்ணு. அவனுக்கு நோவைக் குடுத்தது நான். உம்பேரை நான் தப்பான கட்டத்துல எழுதிட்டேன்."

அவள் தாளை மடித்தாள். திருப்பிக் கொடுக்கவில்லை. உள்ளே போனாள். தட்டு வைக்கிற சத்தம் கேட்டது.

சோறும் பருப்பும் வந்தன. ஜமக்காளத்தில் இருந்த பதினான்கு பேரும் கழுத்தை நீட்டினார்கள். வாசலில் நின்ற பூபதியும் எட்டிப் பார்த்தான். அத்தியப்பன் சோற்றைப் பிசைந்து, உருட்டி, வாய்க்குக் கொண்டுபோனார். எல்லாருடைய கண்ணும் அந்தக் கையோடு சேர்ந்து மேலே போயிற்று.

அத்தியப்பன் மட்டும் வேறு பக்கம் பார்த்தார். சுகந்தியைப் பார்த்தார்.

கழுத்தெலும்பு தெரிந்தது. கை வளையல் முழங்கை வரைக்கும் ஏறி இறங்கியது. அவளும் பாதியாக இளைத்திருந்தாள். யாரும் அதைச் சொல்லவே இல்லை.

எடுத்த கவளத்தை அவர் தட்டிலேயே வைத்தார்.

"நீயும் ஒரு தட்டு எடுத்துட்டு வந்து உக்காரு கண்ணு," என்றார்.